தலைவர் தொடக்கி வைத்த பரிசோதனை

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் எந்தக் காரியமும் தானாகத் தொடங்கிவிடாது. மன்றத் தலைவர் முருகையா பி.ஜே.கே. அதைத் தொடக்கி வைக்க வேண்டும். பி.ஜே.கே. என்பது அவர் வாங்கிய பதக்கம். குளிக்கும்போதுகூட அதைப் பெயரிலிருந்து கழற்றமாட்டார்.

ரிப்பனை வெட்டிக் கைகுலுக்கிவிட்டுப் போகிற ரகமில்லை அவர். எதைத் திறந்தாலும் முதலில் தாமே அனுபவித்துக் காட்டுவார். பாலர் பள்ளிக்கு ஊஞ்சல் வந்தபோது முதல் ஆட்டம் அவர் ஆடினார். அன்றைக்குக் கோணிய சங்கிலி இன்னும் நிமிரவில்லை. முடிதிருத்தும் கடை திறந்தபோது முதல் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். வெட்ட முடி இல்லாததால் கத்தரிக்கோல் காற்றை வெட்டியது. தொழிலாளர் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்த நாளில், கோட்டும் டையுமாக முதல் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் மன்ற அறிவிப்பாளர் சோமு ஒலிபெருக்கியில் நேர்முக வர்ணனை செய்வான். முடிவில் கோயில் மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டுவார்கள். தலைவர் கையை உயர்த்தினால்தான் மேளம் நிற்கும்.

புதிய சுடுகாட்டுக் கொட்டகையை மட்டும் ரிப்பன் வெட்டியதோடு விட்டுவிட்டார். அதில் தோட்டத்தில் பலருக்கு மனக்குறை.

மன்றத்தின் முழுப்பெயர் ‘ஏழாங்கட்டைத் தோட்ட மூத்தோர் நல விழிப்புணர்வு மன்றம்’. முருகையா தோட்ட அலுவலகத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் அது பிறந்தது. அதுவரை தினமும் காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அதட்டி வந்தவர். திடீரென்று அதட்ட ஆளில்லாமல் போனால் மனுசன் என்ன செய்வார்? சேவை செய்யத்தான் வேண்டும்.

மன்றத்துக்கு ஒரு வேன் உண்டு. வீட்டுக்கு வீடு வசூல் செய்து, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாங்கியது. பக்கவாட்டில் சிவப்பெழுத்தில் ‘நோயாளிகளுக்காக’ என்று எழுதியிருந்தது. நோயாளி ஏறினால் சீட்டு அழுக்காகும் என்பதால், வேன் தலைவரையும் அவருக்கு விழுந்த மாலைகளையும் மட்டும் ஏற்றி வந்தது.

இந்த வேன்தான் அழகேசனுக்கு வேண்டியிருந்தது.

அழகேசன் காலமெல்லாம் செம்பனைக் குலை வெட்டியவர். அறுபது தாண்டியும் தோள் சரியவில்லை. தொல்லை கீழேதான். முட்டிக்கொண்டு வரும்; போய் நின்றால் வராது. சரி என்று திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டும். “நீங்க தொறந்து மூடுற மூடுக்கு அந்தப் பின்கதவுக்கே ஒரு வேலைக்காரன் வைக்கணும்” என்றாள் அவர் மனைவி அம்சவள்ளி.

பக்கத்து ஊரான பத்தாங் பெர்ஜுந்தாயில் மீ கோரெங் நூடுல்ஸ் கடை வைத்திருந்தார் மீரா முகைதீன். ஒரு கிளாஸ் டீ குடித்து முடிப்பதற்குள் அழகேசன் மூன்று தடவை கடைக்குப் பின்னால் போய்வந்ததைப் பார்த்தவர், கரண்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, நமக்கும் இதேதான் இருந்துச்சு. புராஸ்டேட்டுங்கிறாங்க. ஆம்பளைக்கு மட்டும் உள்ள சுரப்பி. வயசானா வீங்குமாம். சும்மா வீங்கினாப் பரவால்லே. சில ஆளுக்கு அதுலேயே புற்று வச்சிருது. காட்டாம விட்டுறாதீங்க லா.”

“எப்படிப் பார்ப்பாங்க பாய்? எக்ஸ்ரேயா?”

மீரா முகைதீன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தம் ஆட்காட்டி விரலை நிமிர்த்திக் காட்டினார். அழகேசன் விரலைப் பார்த்தார். அந்த விரல் எங்கே போகும் என்பதை மீரா முகைதீன் கண்ணாலேயே சொன்னார்.

“அட கடவுளே!”

“ஒரு நிமிசந்தாண்ணே. கண்ணை மூடிக்கிட்டா முடிஞ்சிரும். மூடாட்டியும் முடிஞ்சிரும். உசுரா வெக்கமான்னு நீங்களே சொல்லுங்க.”

அழகேசன் உசுரு என்று முடிவு செய்தார். ஆனால் உசுரைக் கிள்ளான் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோவது எப்படி? இரண்டு முறை பஸ் ஏறினார். இரண்டு முறையும் பாதி வழியில், இஜோக்கில் இறங்கும்படி ஆயிற்று. ரப்பர் மரத்துக்குப் பின்னால் அவர் வராததற்குக் காத்து நின்றபோது, பஸ் அவருக்குக் காத்து நிற்கவில்லை. கேட்ட இடத்தில் நிறுத்துகிற வண்டி வேண்டும். ஆகவே மன்ற அலுவலகத்துக்குப் போய்க் கைகட்டி நின்றார்.

“என்ன நோய்?” என்று கேட்டார் முருகையா.

“புராஸ்டேட்டா இருக்கலாம்னு சொல்றாங்க.”

“சேது, நாம இதைச் செஞ்சிருக்கோமா?”

செயலாளர் சேது யோசித்தான். “இல்லீங்க தலைவரே. இனிப்பு நீரு, ரத்தக் கொதிப்பு, கண்புரை. இந்த மூணுக்குத்தான் விழிப்புணர்வு முடிச்சிருக்கோம்.”

“கேட்டுக்கிட்டீங்களா அழகேசன்? மன்றம் விழிப்புணர்வே ஏற்படுத்தாத நோய் உங்களுக்கு எப்படி வரும்?”

“வந்திருச்சுங்களே.”

“அதைத்தான் ஒழுங்கீனம்கிறேன். நீங்க பாட்டுக்கு முந்திக்கிட்டு ஒரு நோயை வரவழைச்சுக்கிட்டு வந்து வேனைக் கேட்டா, நாளைக்கு ஆளாளுக்கு அப்படித்தானே செய்வான்? முதல்ல விழிப்புணர்வு. அப்புறம் நோய். அதுக்கப்புறம்தான் வேன்.”

இதோடு போயிருந்தால் அழகேசனும் விட்டிருப்பார். கிராணி அதட்டிக் கேட்டுக் கேட்டுக் காய்ச்சுப்போன காது அது. ஆனால் அந்த மாதம் மன்றக் கூட்டம் நடந்தது. தலைவர் பேசும்போது யாரும் எழுந்து போகக்கூடாது என்பது மன்றத்தின் முதல் விதி. இரண்டாம் விதி எதுவும் அதுவரை தேவைப்படவில்லை. அழகேசன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தார். பிறகு எழுந்தார்.

“பாருங்க, அழகேசனைப் பாருங்க!” ஒலிபெருக்கி லயம் முழுக்கக் கேட்டது. “குலை வெட்டின சிங்கம்! இன்னைக்குக் குழாய் வாஷர் தேஞ்சுபோய் ஓடுது!”

கூட்டம் சிரித்தது. அழகேசன் பாதி வழியில் நின்றுவிட்டார். போய் நின்ற இடத்திலெல்லாம் வராமல் அழிச்சாட்டியம் செய்தது, அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், தாராளமாக வந்தது. கட்டியிருந்தது வெள்ளை வேட்டி.

அம்சவள்ளி ஒன்றும் பேசாமல் வேட்டியை வாங்கித் துவைத்துப் போட்டாள். பேசாத அம்சவள்ளியைப் பார்ப்பது அழகேசனுக்கு வேட்டி நனைந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

“அந்தாளை நான் சும்மா விடப்போறதில்லே.”

“என்ன செய்வீங்க? பாராங் கத்தியைத் தூக்கிட்டுப் போவீங்களா?”

“இல்லே. மாலையைத் தூக்கிட்டுப் போறேன்.”

அப்படியே போனார். தலைவர் கழுத்தில் மாலையைப் போட்டு, தாம் ஒழுங்கில்லாமல் நோய் வாங்கியதற்கு மன்னிப்புக் கேட்டு, புராஸ்டேட்டுக்கும் ஒரு விழிப்புணர்வு நாள் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கோலாலம்பூரிலிருந்து டாக்டரை வரவழைத்து அங்கேயே பரிசோதனையும் வைத்தால், செலங்கோரில் எந்தத் தோட்டத்திலும் நடக்காத காரியமாக இருக்கும் என்றார்.

‘எந்தத் தோட்டத்திலும் நடக்காத’ என்ற இடத்தில் முருகையாவின் கண் மின்னியது. “சோதனைன்னா என்ன மாதிரி?”

“ஒரு நிமிச வேலையாம் தலைவரே. பெரிய மெசின் எதுவும் வேண்டாமாம். டாக்டர் கையாலேயே செஞ்சிருவாங்களாம்.”

“ரத்தம் எடுக்கிறது போல.”

“எல்லாரும் பார்க்கிற மாதிரி நீங்கதான் தொடக்கி வைக்கணும். நீங்க தொடங்காம நாங்க யாரும் தொடமாட்டோம்.”

அழகேசன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அந்த மாதம் முழுவதும் தோட்டம் விழிப்புணர்வில் மூழ்கியது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்குச் சாக்கு ஓட்டம். மாதர்களுக்குப் புராஸ்டேட் கோலப் போட்டி. அது எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு, “உங்க கற்பனைக்கு விட்டுட்டோம்” என்றான் சேது. முதல் பரிசு ஒரு தாமரைக்குக் கிடைத்தது. பேனர் எழுதுகிறவன் அந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று தலைவரைக் கேட்டான். “உள்ளே” என்றார் தலைவர். அவன் ஓர் இதயத்தை வரைந்து கொடுத்தான். அழைப்பிதழில் நோயின் பெயர் சின்ன எழுத்திலும், ‘தலைவர் முருகையா பி.ஜே.கே. அவர்கள் முதற்பரிசோதனையைத் தாமே ஏற்றுத் தொடக்கி வைப்பார்’ என்பது பெரிய எழுத்திலும் இருந்தது.

அழகேசன் வீடு வீடாகப் போய்த் தம் வயதுக்காரர்களிடம் விரல் விசயத்தைச் சொன்னார். முதலில் எல்லாரும் முடியாது என்றார்கள். தலைவர்தான் முதலில் என்றதும் எல்லாரும் வருகிறோம் என்றார்கள். சுடுகாட்டுக் கொட்டகையில் ஏமாந்தவர்கள் அவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. மீரா முகைதீன் கடையை அடைத்துவிட்டு வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். ஒன்றுக்குப் போக முடியாத, அல்லது அடக்க முடியாத கிழவர்கள் அத்தனை பேருக்கும் வாசலிலேயே ரோஸ் சிராப் சர்பத் கொடுத்தார்கள். குடித்தவர்களுக்கு மறுபடி கொடுத்தார்கள். மண்டபத்தின் ஒரே கழிவறை பிரமுகர்களுக்காகப் பூட்டப்பட்டு, சாவி சேதுவின் பையில் இருந்தது. டாக்டர் முரியல் சின்னப் பெண். கையில் ஒரு பை. அவருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பேசச் சொல்லாமல் உட்கார வைத்தார்கள். பிறகு தலைவர் பேசினார்.

“இந்தச் சுரப்பி நம் எல்லாரிடமும் இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது. ஆனால் நான் அதைச் சொல்லி ஒரு நாளும் பெருமை அடித்ததில்லை. இந்த மன்றம் தோன்றுவதற்கு முன்னால் தோட்டத்தில் நோயாளிகள் இருந்தார்கள். இன்றைக்கு? இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆனால் விழிப்போடு இருக்கிறார்கள்!” கைதட்டல். “வேனைக் கேட்கிறார்கள் சிலர். வேன் ஓடினால் தேயும். தேய்ந்துவிட்டால் நோயாளிகளுக்கு வேன் இருக்காது. நோயாளிகளின் நலனுக்காகத்தான் நான் நோயாளிகளை ஏற்றுவதில்லை.”

முன்வரிசையில் கால்மேல் கால் போட்டவர்கள் மாற்றிப் போட்டார்கள். மாற்றிப் போட்டவர்கள் பின்னிக்கொண்டார்கள். டாக்டர் முரியல் கடைசியில் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே!” சோமு ஒலிபெருக்கியைப் பிடித்தான். “தலைவர் அவர்கள் தம் பொற்கரத்தின் சட்டைக் கையை மடித்தவண்ணம் திரைக்குப் பின்னால் எழுந்தருளுகிறார்கள்!”

திரை என்பது கயிற்றில் தொங்கிய பூப்போட்ட போர்வை. அதன் பின்னாலிருந்து டாக்டரின் குரல் தெளிவாகக் கேட்டது. “கை வேண்டாம் சார். பெல்ட்டை அவுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க.”

“பெல்ட்டா? எதுக்கு?”

டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். போர்வையின் ஓரத்தில் தலைவரின் தலை முளைத்தது. ஊஞ்சல் சங்கிலி கோணியபோதுகூட அந்த முகத்தில் இப்படி ஒரு நிறம் இருந்ததில்லை.

“சேது! என்னடா இது?”

“டாக்டரம்மா நேத்தே வந்து விளக்குறேன்னாங்க தலைவரே. விழிப்புணர்வுல நமக்கே விளக்கமான்னு நீங்கதான் கேட்டீங்க.”

முருகையா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். “மூத்தவர்களுக்கு வழிவிடுவது நம் பண்பாடு! ஆகவே இந்த நல்ல காரியத்தை அழகேசன் அவர்கள் தொடக்கி வைப்பார் என்று பெருந்தன்மையோடு…”

அழகேசன் எழுந்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. “தலைவரே, நீங்க ஆடாம எங்க பேரப்பிள்ளைங்க ஊஞ்சல்ல ஏறினாங்களா? நீங்க குளிக்காம நாங்க குழாயைத் தொறந்தோமா? உங்களை முந்திக்கிட்டு நான் படுத்தா, நாளைக்குத் தோட்டம் என்ன பேசும்? அந்த ஒழுங்கீனத்தை என்னாலே செய்ய முடியாது.”

“தலைவர்தான்!” என்றது முன்வரிசை. “தலைவர் தொடக்கி வைக்கணும்!” என்றது மண்டபம்.

“நாங்க பொம்பளைங்க பார்க்கலே, திரை இருக்குல்ல!” பின்னாலிருந்து அம்சவள்ளியின் குரல் வந்தது. ஒரு மாதம் கழித்து அவள் சத்தமாகப் பேசியது அதுதான். “சும்மா போங்க கிராணி!”

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். மேளக்காரர்கள் வாரை இறுக்கினார்கள். பெரிய எழுத்தில் அச்சடித்த அழைப்பிதழ் ஒவ்வொருவர் மடியிலும் கிடந்தது. முருகையா உள்ளே போனார்.

சோமு நேர்மையான பையன். போர்வை ஓரத்தில் நின்று, பார்த்ததைச் சொல்வான்.

“தலைவர் அவர்கள் கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்கிறார்கள்! முழங்காலை மார்போடு அணைக்கிறார்கள்! டாக்டர் அம்மையார் கையுறை அணிகிறார்கள்! ஏதோ களிம்பு தடவுகிறார்கள்! தலைவர் கட்டிலின் கம்பியைப் பற்றுகிறார்கள்! இதோ… இதோ… வரலாறு…”

“ஐயோ!” என்றது வரலாறு.

மேளக்காரர்கள் அதற்குத்தான் காத்திருந்தார்கள். கெட்டிமேளம் மண்டபத்தைத் தூக்கியது. ஒரு நிமிட வேலை முடிந்தும் மேளம் நிற்கவில்லை. தலைவர் கையை உயர்த்தினால்தான் நிற்கும். தலைவரின் இரண்டு கையும் கம்பியை விடவில்லை. மீரா முகைதீன் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

டாக்டர் முரியல் வெளியே வந்து, “சாருக்கு ஒண்ணும் இல்லை. நல்லா இருக்கார்” என்றார். சோமு அதையும் உலகுக்கு அறிவித்தான்.

“இத்துடன் விழா இனிதே…” என்று தொடங்கினார் முருகையா.

“நான் இவங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்” என்றார் டாக்டர். “நீங்க உக்காருங்க சார்.”

முருகையாவால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டார்.

அடுத்து அழகேசன் போனார். சிரித்துக்கொண்டே படுத்தார். மீரா முகைதீன் சொன்னது சரிதான், கண்ணை மூடினால் முடிந்துவிடும் என்று நினைத்தார். ஆனால் முடியவில்லை. ஒரு நிமிடம் தாண்டியும் விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பி வந்து அங்கேயே நின்றது.

“எத்தனை நாளா இப்படி இருக்குங்கய்யா?”

அழகேசன் சொன்னார்.

“ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்கு. நாளைக்கே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. நானே அங்கதான் இருக்கேன்.”

“புற்றா, தாயி?”

“இருக்கலாம். எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்.”

அழகேசன் வேட்டியைக் கட்டினார். வெளியே சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கிளப்பியவர் தாம்தான் என்பது எங்கோ தூரத்தில் நடந்த சங்கதி போல இருந்தது. போர்வையை விலக்கியதும் எதிரே முருகையா நின்றார். டாக்டர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

“வேனுக்குக் கமிட்டி கூடணும்” என்றார் முருகையா. பழக்கதோசம்.

அழகேசன் சோமுவின் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினார். “தலைவரே, நம்ம வேன் நோயாளியை ஏத்தி இன்னும் ஒரு தடவைகூட ஓடலே. அதையும் தொடக்கி வைக்கணும். நீங்க முதல் நோயாளியா ஏறி அந்த ஆஸ்பத்திரியிலே படுத்துக் காட்டுறீங்களா? இல்லே, நான் ஏறட்டுமா?”

மேளக்காரர்கள் வாரை மறுபடி இறுக்கினார்கள். முருகையா வேன் சாவியை நீட்டிய வேகத்தில் அது கையிலிருந்து தவறி, அழகேசனின் காலடியில் விழுந்தது. அழகேசன் குனியவில்லை. முருகையாதான் குனிந்து எடுத்துக் கொடுத்தார். குனிந்தபோது அவர் முகம் சுளித்ததை முன்வரிசை முழுக்கப் பார்த்தது.

அடுத்த பல மாதங்கள் வேன் கோலாலம்பூருக்கும் தோட்டத்துக்குமாக ஓடியது. அழகேசன் கைகாட்டிய மரத்தடியிலெல்லாம் நின்றது. புற்றுதான். அறுத்தார்கள், கரண்டு வைத்தார்கள். தாங்கமாட்டார் என்று ஒரு வாரம் எல்லாரும் நினைத்தார்கள். அம்சவள்ளி நினைக்கவில்லை. “கிராணிக்கு முன்னாடி போனீங்கன்னா அது ஒழுங்கீனம்” என்று காதோடு சொல்லிக்கொண்டே இருந்தாள். அழகேசன் இளைத்து, கறுத்து, ஆனால் நடந்து வீடு வந்தார். அன்றைக்கு அதே போர்வைக்குப் பின்னால் படுத்தவர்களில் இன்னும் இருவரை வேன் கூடவே ஏற்றிப்போயிருந்தது. அவர்களும் வந்தார்கள்.

ஆண்டுக் கூட்டம் வந்தது. தலைவர் பதவிக்கு ஒரு காலத்தில் நாற்காலிகள் பறந்த மன்றம் அது. இம்முறை முருகையா உடல்நலம் கருதி விலகிக்கொண்டார். போட்டியிட நான்கு பேர் துடித்தார்கள். அடுத்த விழிப்புணர்வு நாள் பெருங்குடல் புற்றுக்கு என்று சேது வாசித்தான். நான்கு பேரும் கூட்டம் பார்க்க வந்திருந்த மீரா முகைதீனிடம் ஓடி, அதற்கு என்ன பரிசோதனை என்று கேட்டார்கள். மீரா முகைதீன் இந்தத் தடவை விரலைக் காட்டவில்லை. ஒரு குழாயின் நீளத்தைத் தோளிலிருந்து அளந்து காட்டினார்.

நான்கு பேரும் விலகிக்கொண்டார்கள். கூட்டத்தில் அழகேசனின் கை மட்டும் உயர்ந்தது. அவர் போட்டியின்றித் தலைவரானார்.

நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அவர் கொண்டுவந்த முதல் தீர்மானம் இது: “இந்த மன்றத்தைத் தோற்றுவித்த முருகையா பி.ஜே.கே. அவர்களின் தியாகத்தை மதித்து, மன்றம் நடத்தும் எல்லாப் பரிசோதனைகளையும் தொடக்கி வைக்கும் உரிமை, அவர் உயிரோடு இருக்கும் வரை அவருக்கு மட்டுமே உரியது.”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முருகையா பின்வரிசையிலிருந்து, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் தூக்கினார். சேது எண்ணிப் பார்த்து, அவருடையதை இரண்டு ஆதரவு வாக்குகளாகச் சேர்த்துக்கொண்டான்.